செவ்வந்தியின் பேராசை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஈரோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில். வருடம் 1996. இடப்பக்க இலையில் லட்சுமிநாராயணன். பீளமேட்டில் மோட்டார் கம்பெனி நடத்தும் சீனிவாசலுவின் பங்குதாரர். வலப்பக்கம் பிரான்சிஸ், எரிந்த மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். பேச்சு செவ்வந்தியைப் பற்றி.

"அந்தப் புள்ளைக்குப் பேராசைங்க," என்றது இடப்பக்கம்.

"பேராசை உங்களுக்குத்தானுங்க," என்றது வலப்பக்கம்.

நடுவில் நான். சோற்றில் குழி பறிக்க மறந்து, ரசத்தை இலையெல்லாம் ஓடவிட்டேன். இதை எழுதாமல் தீராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "கிணறுகள் வற்றிய பூமியில் ஒரு பெண்…"

[அடச்சே! காலண்டர் வாசகம். அடித்துவிட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். செவ்வந்தி இன்ஜினீயர். வற்றிய கிணற்றில் ஓடும் மோட்டார் எரிந்துபோகும். தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஒரு சின்னப் பெட்டியை அவள் கண்டுபிடித்தாள். சீனிவாசலுவும் லட்சுமிநாராயணனும் முதல் போட்டார்கள். உரிமப் பத்திரத்தில் அந்த ஒரு வரி வரும்வரை எல்லாம் சுபம். தங்கள் புது மோட்டாரோடு சேர்த்து, ஸ்டார்ட்டருக்குள் பூட்டித்தான் பெட்டியை விற்போம், தனியாக விற்க மாட்டோம் என்றது அந்த வரி.

பழைய மோட்டாருக்கும் கொடுத்தால்தான் கையெழுத்து என்றாள் செவ்வந்தி. மாதக்கணக்காகப் பெட்டி அலமாரியில் கிடக்கிறது.

3

சீனிவாசலுவை வில்லனாக்க ஆசைப்பட்டு ஒரு முறுக்கு மீசைகூட வைத்துப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை. அவருடைய முதல் மோட்டார், அடுத்த கம்பெனி மோட்டாரை வாங்கிக் கொட்டகையில் பிரித்துப்போட்டு, அளவெடுத்து வார்த்தது.* பெட்டி தனியாகக் கடைக்கு வந்தால் யாரோ ஒரு இளவட்டச் சீனிவாசலு அதைப் பிரித்துவிடுவான். அவர் பயந்தது தன்னைப் போன்ற ஆளுக்குத்தான்.

(*இதைப் பந்தியில் யாரும் சொல்லவில்லை. நானே வைத்தது. ஆனால் சரியாகப் பொருந்துகிறது, இல்லையா?)

4

"ஊருக்காகவே உழைத்த செவ்வந்தி…"

[புண்ணியத்துக்காக யாரும் இத்தனை மாதம் முறைத்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். போகட்டும்.]

அவள் அப்பா வெள்ளியங்கிரி, வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்கு இருந்தவர். (இதுவும் பந்தியில் யாரும் சொல்லாதது.) மோட்டாரைப் போட்டு நிறுத்துவது அவர் பொறுப்பு. ஒரு கோடையில் அவர் பாத்திக்குத் தண்ணீர் திருப்ப மடை மாற்றப் போன நேரம், கிணறு வற்றி மோட்டார் எரிந்தது. "தூங்கிப்போட்டான்" என்றார் தோட்டத்துச் சொந்தக்காரர். வேலை போயிற்று. பழைய மோட்டாருக்குக் காவல் நிற்கிற அப்படிப்பட்ட ஆட்களுக்காகத்தான் அவள் பெட்டியே செய்தாள்.

"நெசத்தைச் சொல்லு கண்ணு, ஏன் இந்தப் பிடிவாதம்?" என்று ஒருநாள் சீனிவாசலு கேட்டார்.

அப்பாவின் கதை செவ்வந்திக்குத் தொண்டைவரை வந்தது. சொன்னால் இவர் உருகி அந்த வரியை எடுத்துவிடுவார், அதுவும் தெரியும். ஆனால் அப்பா கோயமுத்தூர் வந்தபின் அந்தத் தோட்டத்தின் பேரைக்கூட எடுத்ததில்லை. நாளைக்கு ஊரே அவரைப் பார்த்து உச்சுக்கொட்டும்.

"தனியா வித்தா லாபம் சாஸ்திங்க சார்," என்றாள்.

"அப்படிச் சொல்லு அம்மணி! நானும் லாபத்துக்குத்தான் சொல்றேன்," என்றார் அவர், நிம்மதியாக.

பேராசை என்பது வெளியில் சொல்லக்கூடிய காரணம். இருவரும் அதையே சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள்.

5

முடிவு ஒன்று: இருவரும் மனம் திறந்து, கண்ணீர் மல்க… [ஜாங்கிரி. திகட்டுகிறது.]

முடிவு இரண்டு: கோர்ட். [அது எந்தக் காலத்தில் முடிந்தது?]

மூன்றாவது உங்களுடையது. என் இலையில் வந்து உட்காருங்கள். "பேராசைங்க, வேறென்ன?" என்று லட்சுமிநாராயணன் மறுபடி சொல்கிறார். நீங்கள் வாயைத் திறந்தால் நாளைக் காலை சீனிவாசலு காதில் விழும். பெட்டி பழைய மோட்டாருக்கெல்லாம் போய்ச்சேரும். ஒரு மனிதர் இத்தனை வருஷம் மூடிவைத்தது பந்தி முழுக்கப் பரிமாறப்படும். வாயை மூடிக்கொண்டால் செவ்வந்தி பேராசைக்காரியாகவே இருப்பாள். அந்தப் பேரை அவளாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

எதிர்வரிசையில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு வெள்ளியங்கிரி உட்கார்ந்திருக்கிறார். லட்சுமிநாராயணனுக்கு அவரை யாரென்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அவர் உங்கள் இலையைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"ஏனுங்க, ரசம் ஓடுதுங்க. சட்டுன்னு ஒரு மடை கட்டுங்க."