மடிக்காமல் இறங்க மாட்டோம்

நானும் என் நாத்தனாரும் பேசிக்கொண்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஆனால் வேலை நாட்களில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் நின்றோம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு பக்கம் இரண்டு முனையைப் பிடிப்பாள், நான் ஒரு பக்கம் இரண்டு முனையைப் பிடிப்பேன். உதறுவோம், நீளவாக்கில் மடிப்போம், நடந்து கிட்டே வருவோம். அவள் தன் முனைகளை என் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுப்பாள். என் வீட்டுக்காரரிடம்கூட ஒரு நாளில் இத்தனை தடவை நான் இவ்வளவு கிட்டே போனதில்லை. பேச்சு மட்டும் கிடையாது.

சண்டைக்குக் காரணம் ஒரு ஜிகினா உடை. எங்கள் நகரத்தில் வருஷா வருஷம் பெரிய சதுக்கத்தில் மேடை போட்டு, பல பண்பாட்டுக் கலை நாள் என்று ஒன்று நடத்துவார்கள். எங்கெங்கிருந்தோ வந்து இங்கே குடியேறியவர்கள் மேடையேறி ஆடலாம், பாடலாம். ஒரு வருஷம் என்னைக் கூப்பிட்டார்கள். உடையையும் அவர்களே கொடுத்தார்கள். கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஜிகினா. அப்படி ஒரு உடையை என் ஊரில் யார் உடம்பிலும் நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் போட்டுக்கொண்டு எனக்குத் தெரிந்ததை ஆடினேன். அடுத்த வருஷம் என் படம் நகரம் முழுக்கப் போஸ்டரில் வந்தது, பஸ்களின் முதுகிலும் வந்தது. என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "பொண்டாட்டிய முதுகுல சுமந்துக்கிட்டு ஊர் சுத்துறேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என் பெயரை எங்கேயும் போடவில்லை. 'நம் நகரத்தின் வண்ணங்கள்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். அதாவது, நான் ஒரு வண்ணம். அந்தக் கடுப்பில் நான் இருந்தபோது, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த வீட்டில் என் நாத்தனார், இவருடைய தங்கை, "அண்ணிக்கு இந்த வயசுல ஜிகினா கேக்குதா?" என்று ஒரு போடு போட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு நின்றது பேச்சு.

இஸ்திரி மெஷினில் நிற்கும் நெட்டைதான் எங்களை ஆட்டத்தில் இழுத்துவிட்டவள். ஆள் கதவு நிலையில் இடிக்கும் உயரம், அதனால் அந்தப் பெயர். நகராட்சி ஹால் ஒன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா பூட்டிக் கிடக்கிறது, கேட்டால் தருவார்கள் என்று கண்டுபிடித்து வந்தாள். சலவைக்கூடத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்தோம். என்னையும் நாத்தனாரையும் தவிர ஆளுக்கு ஒரு தேசம். இந்த நகரத்து மொழியை ஆளுக்கு ஒரு விதமாக உடைத்துப் பேசுவோம். யார் யார் எப்படி உடைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்கிறேன். முதலில் ஒவ்வொருத்தியும் தன் ஊர் ஆட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். ஒருத்தி கால் இன்னொருத்தி தாளத்துக்கு மசியவில்லை. கடைசியில் நெட்டை, கிழிசல் விழுந்ததால் ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட விரிப்புகளைக் கேட்டு வாங்கி ஒரு மூட்டையாகக் கொண்டுவந்தாள்.

"நம்ம எல்லாருக்கும் ஒண்ணா தெரிஞ்சது இதுதானே? எடுங்க" என்றாள்.

ஜோடி ஜோடியாக நின்றோம். என் எதிரில் யார் வந்து நின்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. என் ஆட்டத்தைக் கிண்டல் பண்ணியவள் எதற்கு ஆட வந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்குப் பேச்சு வேண்டுமே!

உதறினோம். ஐந்து விரிப்பும் ஒரே நேரத்தில் 'பட்'டென்று வெடித்தன. அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பியபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சலவைக்கூடத்தில் மெஷின் இரைச்சலில் அதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அதுவே எங்களுக்குத் தாளமாயிற்று. உதறல், நடை, கைமாற்றல், குனிதல், சுற்றல் என்று நெட்டை அதை ஆட்டமாகக் கட்டினாள். வீட்டில் மாவு சலிக்கும்போதுகூட என் கால் அந்த நடையைப் போட்டுப் பார்க்கும். வாரம் முழுக்க அடுத்தவர் அழுக்கைத் துவைக்கிற எங்களுக்கு, அந்த ஹாலில் இருந்த ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் மட்டும்தான் சொந்தம்.

முடிவில்தான் சிக்கல். எல்லா விரிப்பையும் உயரத் தூக்கி எறிந்துவிட்டு, அவை தரையில் விழ விழ, நாங்கள் அசையாமல் நிற்க வேண்டும். எங்களால் முடியவில்லை. தரையில் பட்ட விரிப்பு மறுபடி சலவைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் சட்டம். அதனால் எறிந்த கை தானாகவே போய்ப் பிடித்துவிடும். ஒவ்வொரு வாரமும் இதே கூத்துதான். "விடுங்கடி! விழட்டும்!" என்று நெட்டை கத்துவாள். கத்திக்கொண்டே தன்னுடையதைப் பாய்ந்து பிடிப்பாள்.

கலை நாள் நெருங்கியபோது சால்வையம்மா பார்க்க வந்தார். அவர்தான் கலை நாளை நடத்துகிற அதிகாரி, ஹால் சாவியும் அவர் பொறுப்பில்தான். வெயிலிலும் கழுத்தில் ஒரு சால்வை இருக்கும். நாங்கள் ஆடி முடித்ததும் கைதட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது எந்த நாட்டு டான்ஸ்?"

"சலவைக்கூட நாட்டு டான்ஸ்" என்றாள் நெட்டை.

சால்வையம்மா சிரிக்கவில்லை. "பெரிய மேடையில ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பாரம்பரியத்தைத்தான் காட்டணும். ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க. ஆஸ்பத்திரி பெட்ஷீட்டைப் பார்க்க வரமாட்டாங்க. நீங்க வேணும்னா ஓரமா, குழந்தைங்க கூடாரத்துல இதை ஆடுங்க." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பெரிய மேடையில இடம் வச்சிருக்கேன். போன தடவை போட்ட அதே டிரஸ். தனியா ஆடுங்க. போஸ்டர் முகம் இல்லையா நீங்க!"

"இவங்க எல்லாரும் சேர்ந்து ஆடக் கூடாதா மேடம்?"

"கூடாது. அப்புறம், மேடையில போய் எதையாவது மாத்தினீங்கன்னா எனக்குக் கெட்ட பேர். அதுக்கப்புறம் ஹால் கேட்டு என்கிட்ட வராதீங்க." சாவிக்கொத்தை ஒருமுறை குலுக்கிவிட்டுப் போனார்.

 மற்றவர்கள் விரிப்புகளைச் சுருட்டி மூட்டைக்குள் திணித்தார்கள். மடிக்கக்கூட இல்லை.  அப்போது நாத்தனார் பேசினாள். நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க போய் ஆடுங்க அண்ணி. எங்களுக்காகப் பார்க்காதீங்க. அன்னைக்கு நீங்க ஆடினப்போ நான் முன் வரிசையில நின்னேன். நல்லா ஆடினீங்க. பொறாமையிலதான் அப்படிப் பேசிட்டேன்."

இதைச் சொல்ல இவளுக்கு இத்தனை நாள் ஆயிற்று. எனக்கு அழுகை முட்டியது, கூடவே கோபமும் முட்டியது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"வாயை மூடுடி. நான் தனியா ஆடுறதுக்கா இவ்வளவு நாள் உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நின்னேன்? எனக்குக் குடுத்த நேரத்துல எல்லாரும் ஏறுறோம். பெரிய மேடையில. இதே ஷீட்டோட." மற்றவர்களையும் பார்த்துச் சொன்னேன். "ஹால் போயிடும். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

நெட்டை மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். "முதல்ல இதையெல்லாம் ஒழுங்கா மடிங்கடி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "ஏன் இந்த வேண்டாத வம்பு?" என்றார் இவர். பிறகு அவரே, "எத்தனை மணிக்கு ஏறுறீங்க? டூட்டி மாத்திக்கிட்டு வரேன்" என்றார்.

அன்று சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம், கூடவே நல்ல காற்று. நான் ஜிகினா உடையில் மேடைக்குப் பின்னால் போனேன். அதற்குள்ளே சலவைக்கூடத்து நீல அங்கியைப் போட்டிருந்தேன். வேர்த்துக் கொட்டியது. மற்றவர்கள் எனக்கு உடைமாற்ற உதவுகிறவர்கள் என்று காவலாளியிடம் சொல்லி உள்ளே வந்தார்கள். ஒருவருக்கு உடைமாற்ற ஒன்பது பேர் எதற்கு என்று அந்த ஆள் கேட்கவில்லை. ஜிகினாவைப் பார்த்ததும் அவ்வளவு மரியாதை!

அறிவிப்பாளர் மைக்கில், பல நூற்றாண்டுகளாக மாறாத பாரம்பரிய நடனம் என்று என்னென்னவோ அளந்துகொண்டிருந்தார். படிக்கட்டில் சால்வையம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நான் ஜிகினா உடையைத் தலைவழியே கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"கொஞ்சம் வச்சிருங்க மேடம்."

அவர் அதைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தபோதே பத்துப் பேரும் ஏறிவிட்டோம்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நீல அங்கி, தலையில் வலைத்தொப்பி, கையில் வெள்ளை விரிப்பு. மேடையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள். எங்கள் முதல் உதறலில் சிரிப்பு நின்றது. ஒலிபெருக்கியில் எனக்காக வைத்திருந்த பாட்டு எங்கள் தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஓடியது. சால்வையம்மா அந்தப் பக்கம் ஏதோ கையசைக்க, அதையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. 'பட்' சத்தம் சதுக்கத்தைச் சுற்றியிருந்த கட்டிடங்களில் மோதித் திரும்பி வந்தது. நாத்தனார் என்னை நோக்கி நடந்து வந்தாள். முனைகளை என் கையில் கொடுத்தபோது சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த வயதில் எனக்கு என்னவெல்லாம் கேட்கிறது என்று யாராவது இப்போது கேட்டிருந்தால், ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பேன்.

முடிவு வந்தது. எறிந்தோம். ஐந்தும் வெயிலில் விரிந்து எழும்பின. அசையக் கூடாது, விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்கே! பத்துப் பேரும் பிடிக்கப் பாய்ந்துவிட்டோம். நெட்டைதான் முதலில் பாய்ந்தாள். ஆனால் எங்கள் ஜோடி விரிப்பை மட்டும் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று. மேடை விளிம்பைத் தாண்டி, கூட்டத்தின் பக்கம் போயிற்று.

நாத்தனார் விளிம்புக்கு ஓடினாள். "கீழ விடாதீங்க!" என்று கத்தினாள். "யாராவது பிடிங்க! தரையில படக் கூடாது!"

முன் வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். பஸ் டிரைவர் சீருடையில் ஒருவரும் இருந்தார். விரிப்பு அவர்கள் விரல்களில் இறங்கியது.

"முனையைப் பிடிங்க! இழுத்து உதறுங்க!" என்றாள் நெட்டை.

உதறினார்கள். சத்தம் சரியாக வரவில்லை. "இன்னும் ஓங்கி!" என்று பத்துப் பேரும் கத்தினோம். மறுபடி உதறினார்கள். 'பட்!' சதுக்கமே ஆரவாரித்தது. பின்னால் இருந்தவர்கள் "இங்க குடுங்க, இங்க குடுங்க" என்று கை நீட்டினார்கள். விரிப்பு தலைக்கு மேலே கைமாறிக் கைமாறிப் போனது. போன இடத்திலெல்லாம் ஒரு உதறல் கேட்டது, அதன் பின்னாலேயே ஒரு சிரிப்பும் கேட்டது.

அறிவிப்பாளர் எங்களுக்கு நன்றி சொன்னார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை நன்றி சொன்னார். சால்வையம்மா மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். ஜிகினா உடை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இறங்குங்க. அடுத்த குழு காத்திருக்காங்க. உங்களுக்கு இனிமே ஹால் கிடையாது, தெரியுதில்ல?"

தெரிந்தது.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் நிற்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரியுது மேடம்" என்றேன். "எங்க ஷீட் ஒண்ணு அங்க இருக்கு. அது வந்ததும் மடிச்சு வச்சுட்டு இறங்குறோம்."

"அது எப்ப வரும்?"

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். விரிப்பு சதுக்கத்தின் மறுகோடிக்குப் போய், அங்கிருந்து தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கேயும் கைகள் உயர்ந்தன.

"இப்போதைக்கு வராது" என்று சொல்லிவிட்டு, அவள் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.