வண்டி மட்டும் போகலாம்

எடைமேடையின் கண்ணாடிக் கூண்டிலிருந்து கேஷெ எண்ணைப் படித்தாள். ஹைக்கோ யான்சனின் காதில் அது விழுந்தது, புத்தியில்தான் ஏறவில்லை. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்போதும் அதே எண்தான் வந்தது: மூவாயிரத்து நானூற்று நாற்பத்தாறு கிலோ.

அவர்கள் வாங்கவிருந்த வீட்டுவண்டி மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒரு கிலோகூட ஏற்றிக்கொண்டு சாலையில் ஓடக் கூடாது. மிச்சம் ஐம்பத்து நான்கு. வண்டிக்குள் ஆளே இல்லை. நூற்று நான்கு கிலோ ஹைக்கோவும், அறுபத்தெட்டு கிலோ மனைவி வீப்கெயும் மேடைக்கு வெளியே மழைத் தூறலில் நின்றிருந்தார்கள்.

"அப்போ வண்டி மட்டும் போகலாம்," என்றாள் கேஷெ. "நீங்க ரெண்டு பேரும் பின்னாடியே நடந்து வந்துருங்க. மொராக்கோ ஒண்ணும் அவ்வளவு தூரமில்ல."

வேறு யாரிடமாவது இந்தப் பேச்சை வாங்கியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது. ஹைக்கோ லேர் ஊர் மாட்டுச் சந்தையில் நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர். எருதின் முதுகில் கை வைத்து எடை சொன்னால் ஐந்து கிலோகூட முன்னே பின்னே இருக்காது. அப்படிச் சொன்ன எடைகளுக்கெல்லாம் இதே கூண்டில் உட்கார்ந்து சீட்டு எழுதியவள் கேஷெ.

பதினொரு நாளில் வீட்டில் வாடகைக்காரர்கள் குடியேறப் போகிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு இந்த வண்டியிலேயே இரண்டு வருடம் ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ என்று சுற்றுவதாக ஏற்பாடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருந்தன. அவர்கள் இருவருக்குத்தான் இடமில்லை.

வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் சாமான்களை ஏற்றி எடை பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் வீப்கெ. எல்லைக்கு அப்பால் வழியில் நிறுத்தி எடை போடுகிறார்கள், அதிகமிருந்தால் அபராதம் கட்டினாலும் நகர விடுவதில்லை என்று அவளுடைய தோழி எச்சரித்திருந்தாள். தன் கண்ணைவிடவா ஒரு தராசு என்று ஹைக்கோ காலையில்தான் சிரித்திருந்தார்.

வண்டி என்னவோ நல்ல வண்டிதான். கோளாறு பேரத்தில் இருந்தது. விற்கிற ஓன்னோ விலையில் ஒரு யூரோ இறங்க மாட்டேன் என்றான். மாடு வாங்கினால் கழுத்துக் கயிறு இனாம் என்பது சந்தை வழக்கம். விலை இறங்காதவனிடம் சாமானாகக் கறந்துவிட வேண்டியதுதான் என்று ஹைக்கோ ஆரம்பித்தார். பக்கவாட்டுப் பந்தல், சாட்டிலைட் தட்டு, கூரையில் ஏசி, இரண்டாவது பேட்டரி, ஜெனரேட்டர், மேடு பள்ளத்தில் வண்டியைச் சமமாக நிறுத்த நான்கு இரும்புக் கால்கள், மொபெட் மாட்டப் பின்னால் ஒரு தாங்கி, தாங்கி சும்மா இருக்கலாமா என்று ஒரு பழைய மொபெட். ஒவ்வொன்றுக்கும் ஓன்னோ சிறுநீரகத்தைக் கழற்றிக் கொடுப்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டான். கடைசியில் ஹைக்கோ சந்தை முறைப்படி அவன் உள்ளங்கையில் ஓங்கி அடித்துப் பேரத்தை முடித்தார். அவனை உரித்துவிட்டதாக அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு முறை சொன்னார்.

இப்போது புரிந்தது. இனாமாக வாங்கியதெல்லாம் அவர் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது.

உச்சவரம்பை உயர்த்திப் பதிவு செய்துகொள்ளலாமே என்று கேஷெ கேட்டாள். அதற்கும் வழியில்லை. கண் அறுவைக்குப் பிறகு ஹைக்கோ வண்டி ஓட்டக் கூடாது. வீப்கெ நாற்பத்திரண்டு வயதில்தான் ஓட்டக் கற்றாள்; அதற்குள் சட்டம் மாறிவிட்டதால் அவளுடைய உரிமம் மூன்றரை டன்னோடு நின்றுவிடும். தையல் மெஷினை விட்டுவிட்டு வந்தால் என்ன என்றார் ஹைக்கோ, மெதுவாக.

"தையல் மெஷின் ஒம்பது கிலோ," என்றாள் வீப்கெ. "உன் இரும்புக் கால் அறுபது. எதை விடணும்னு நீயே சொல்லு."

ஓன்னோவின் விற்பனை வளாகத்துக்குத் திரும்பினார்கள். எல்லாவற்றையும் கழற்ற முடியுமா என்று வீப்கெ கேட்டாள். கூரையில் துளை போட்டாயிற்று, கால்களைச் சட்டத்தோடு பிணைத்தாயிற்று, மூன்று வாரமாவது ஆகும் என்று ஓன்னோ கையை விரித்தான். அப்படியானால் வேறு வண்டி பார்க்கிறேன் என்று அவள் வண்டி வரிசையின் கடைசிக்கு நடந்தாள்.

ஹைக்கோ ஓன்னோ முன்னால் தனியாக நின்றார். கையடித்த பேரத்திலிருந்து அவர் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. நொண்டிப் பசுவைக்கூட வாயை மூடிக்கொண்டு ஓட்டி வந்திருக்கிறார். தொப்பியைக் கழற்றினார்.

"கையடிச்சு முடிச்சது. என்னை விடுவிக்கணும்."

ஓன்னோ விழித்தான். "கையடிச்சதா? அன்னைக்கு ஏதோ சந்தோஷத்துல தட்டுறீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாள் வலிச்சுது. ஒப்பந்தத்துல இன்னும் கையெழுத்தே ஆகலையே."

எடைமேடையின் எண்ணைவிட இது பலமாக விழுந்தது. ஹைக்கோ தொப்பியை எப்படித் திரும்பப் போடுவது என்று தெரியாமல் நின்றார்.

அதற்குள் வீப்கெ கூப்பிட்டாள். சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி, ஐந்து வருடப் பழசு. கட்டிலும் அடுப்பும் உண்டு, கூரை மொட்டையாக இருந்தது. அவள் சுவரோரங்களை அழுத்தி ஈரம் பார்த்திருந்தாள். கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தும் பார்த்திருந்தாள்.

"முதல் நாளே இது என் கண்ணுல பட்டுச்சு," என்றாள். "நீ அப்போ சாட்டிலைட் தட்டுக்கு மல்லுக்கட்டிட்டு இருந்தே."

சாமான்களை மாற்றி ஏற்றி மேடைக்குப் போய் வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. இந்தத் தடவை இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க, தண்ணீர்த் தொட்டியும் நிறைந்திருக்க, மூவாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. கேஷெ சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள். கேலி செய்யவில்லை, அதுவும் ஹைக்கோவுக்குக் கலக்கமாகத்தான் இருந்தது.

ஓன்னோ நாற்பத்தோராயிரம் யூரோ என்றான். ஹைக்கோவின் உதடு பழக்கத்தில் பிதுங்கத் தொடங்கியது. பிதுங்கி முடிவதற்குள் வீப்கெ "சரி" என்றாள்.

சொன்ன விலைக்கே. எதிர்விலை கேட்காமல், முகம் சுளிக்காமல், வாசல்வரை போய்த் திரும்பி வராமல். தன் முன்னால் யாரோ ஆளைக் கொன்றதுபோல் ஹைக்கோ அவளைப் பார்த்தார். அவள் குனிந்து ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஓன்னோவுக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. அவன் ஹைக்கோ பக்கம் சாய்ந்து, மடக்கு நாற்காலி நான்கு இருக்கிறது, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

"எத்தனை கிலோ?" என்றார் ஹைக்கோ.

"ஒவ்வொண்ணும் மூணு கிலோ இருக்கும்."

ஹைக்கோ வீப்கெயைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

"வேண்டாம்," என்று அவர் வாய் சொல்லிவிட்டது. அதைக் கேட்டுத் திடுக்கிட்டவரும் அவர்தான்.