பதினொரு நிமிட மௌனம்

ஓய்வுபெற்ற உளவு அதிகாரி, இன்னும் ரகசியமாக இருக்க வேண்டிய ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் அறையில் சத்தம் நின்றுவிடும். அவர் உதடு அசையும், மின்விசிறி சுற்றும், யாராவது இருமுவார்கள், எதுவும் கேட்காது. அவர் முடித்ததும் எல்லாச் சத்தமும் திரும்பி வரும். எழுதித் தரச் சொன்னால் பேனாவில் மை இறங்காது. உளவுத்துறைகளின் வரலாற்றை ஆராயும் பேராசிரியர்கள் ஐந்து பேரும், இவரோடு சேர்த்து அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூன்று பேரும் சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடுவார்கள். அவர்களுக்கு இது முதல் மாதம் தொல்லையாக இருந்தது, பிறகு பழகிப்போயிற்று. மற்ற இரண்டு அதிகாரிகளும் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதித்ததால் அவர்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. கூட்டக் குறிப்பு எழுதும் பேராசிரியை, 'இங்கே நான்கு நிமிட மௌனம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். இந்த மௌனங்களின் நீளத்தை அளந்து கட்டுரை எழுதிய ஒருவர் பதவி உயர்வும் வாங்கினார்.

பேராசிரியைக்கு ஒரு அண்ணன் இருந்தான். இருபத்திரண்டு வயதில், துண்டறிக்கை அடிக்க அச்சகத்துக்குப் போனவனை இரண்டு பேர் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முப்பத்தொரு வருஷமாகியும் இறக்கிவிடவில்லை. அவள் இந்தப் படிப்புக்கு வந்ததே அதற்காகத்தான். இருந்தும் மூன்று வருஷம் அதிகாரியின் எதிரே உட்கார்ந்தவளுக்குக் கேட்க நா எழவில்லை. ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் தேநீருக்கு இறங்கிப் போனபோது அண்ணன் பெயரை மட்டும் சொன்னாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கோப்பு என் மேசைக்குத்தாம்மா வந்துச்சு," என்றார். அதுவரைக்கும் கேட்டது. பிறகு பதினொரு நிமிடம் அவர் உதடு அசைந்தது, கண்ணீர் வழிந்தது. "அவ்வளவுதாம்மா" என்பது மட்டும் கடைசியில் காதில் விழுந்தது.

வீட்டில் அம்மாவுக்குக் காது போய்ப் பதினைந்து வருஷம். உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். அந்த வீட்டில் கிசுகிசுத்துப் பயனில்லை. மகள் ஆறு மாதம் மறைத்தாள். "வாயைப் பொத்திக்கிட்டு அழறே. அப்ப நான் தெரிஞ்சுக்கக் கூடாத விஷயம்," என்று அம்மா பிடித்துவிட்டாள். விஷயத்தைக் கறந்ததும் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "உனக்குக் கேக்கலைன்னா என்ன, நான் பாத்துக்கறேன்."

நூலக மாடியின் ஜன்னல் வெளிச்சத்தில் அதிகாரியை உட்கார வைத்து அம்மா எதிரே உட்கார்ந்தாள். பதினொரு நிமிடமும் கண் கொட்டவில்லை. நடுவில் அம்மா கைச்சாடையோடு ஏதோ கேட்டாள், அதுவும் மகள் காதில் விழவில்லை. அவர் மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாளா, மூன்று வருஷமா, மூன்று ஆட்களா, மகளுக்கு விளங்கவில்லை. முடிந்ததும் அம்மா தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளி, "குடிங்க," என்றாள். அவர் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "இனிமே அவனுக்காகக் காத்திருக்க வேணாம்," என்றாள் அம்மா. அது சத்தத்தோடு வந்தது. மேற்கொண்டு சொல்ல வாயெடுத்ததும் சுவர்க்கடிகாரத்தின் டிக்டிக் சத்தம் ஓய்ந்தது.

மகள் மறுவாரமே காதுகேளாதோர் பள்ளிக்குப் போய், உதடு படிக்கும் வகுப்புக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தாள். அம்மா அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீ கத்துக்காதேம்மா. ஒருத்தி சுமந்தா போதும்."

மறைத்ததையெல்லாம் தோண்டி எடுப்பதே பிழைப்பாக இருந்தவள், அன்றைக்கு அம்மா காலடியில் உட்கார்ந்துவிட்டாள்; படிவத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

அதிகாரி அடுத்த வருஷம் இறந்துபோனார். அம்மாவால் உள்ளேயே வைத்திருக்க முடியவில்லை. தினமும் மாலை, மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்குவாள். மகள் உதட்டைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கேட்காது. அந்த வீட்டுக்காரர்கள் நெருப்பைத் தணித்துவிட்டு வேறு வேலை பார்ப்பார்கள். பால்காரர் அழைப்பு மணியை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார். மணி ஒலிக்காவிட்டால் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சத்தம் வரும்வரை வாசலில் நிற்பார்.