ஒற்றைச் சுவரொட்டி

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன கணவர் கெங்கிச்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஓட்டுப்போட வந்துவிட்டாள் சிசுகோ. வாரம் மூன்று தடவை ரத்தச் சுத்திகரிப்புக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அவரை ஏற்றிப் போகிற ஊர்ப் பேருந்தை நிறுத்தப் போகிறாராம் நகரத் தலைவர். பாவி மனுஷன்! இன்றைக்கு அவரைக் கவிழ்க்காமல் விடுவதில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் பூட்டு தொங்கியது. ஈ காக்கை இல்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரிஹாரா மட்டும் வாக்காளர் அட்டையும் கையுமாக நின்றிருந்தார்.

"தேர்தலே கிடையாதாம், சிசுகோம்மா. இப்பதான் ஆபீசுக்குப் போன் போட்டேன். மனு போடக் கடைசி நாள் செவ்வாய்க்கிழமையாம்; அன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும் தலைவரைத் தவிர வேற யாருமே போடலையாம். அப்பவே அவர் ஜெயிச்சாச்சு."

வேட்பாளர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் சுவரொட்டி ஒட்டும் ரயிலடித் தேர்தல் பலகையில் தலைவரின் முகம் மட்டும் பல்லிளித்ததையும், மற்றக் கட்டங்கள் காலியாகக் கிடந்ததையும் சிசுகோவே பார்த்திருந்தாள். மற்றவர்கள் இன்னும் ஒட்டவில்லை, சோம்பேறிகள் என்று திட்டிக்கொண்டே போய்விட்டாள்.

"நீங்க நிக்கிறதா ஊரே பேசிச்சே, வாத்தியாரய்யா!"

"நானா? மீன் சங்கத்துக்காரர் நிக்கிறார்னு நான் நினைச்சேன். யாருமில்லன்னு தெரிஞ்சிருந்தா நானே நின்னிருப்பேனே!"

"பேப்பர்ல போட்டிருப்பானே?"

"நான் பேப்பர் வாங்கறதையே நிறுத்திட்டேனே. நீங்க?"

அவளும்தான் நிறுத்திவிட்டாள். செல்போனில் எல்லாம் வருகிறதே என்ற எண்ணம். டோக்கியோ அமைச்சர்களின் சண்டை வந்தது, பூனை வீடியோ வந்தது. சொந்த ஊர்தான் வரவில்லை.

"பேப்பர் வாங்கியிருந்தா மட்டும் தெரிஞ்சிருக்குமா? வாங்க ஆளில்லன்னு நம்மூரு நிருபரையே போன வருஷம் எடுத்துட்டாங்க" என்றார் வாத்தியார்.

இருவரும் யார் தப்பென்று தர்க்கம் பண்ணத் தொடங்கினார்கள். கெங்கிச்சி மதிற்சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்த தேர்தல் எப்போ, வாத்தியாரே?"

"நாலு வருஷம் ஆகும்."

"அடேயப்பா!" என்று சிரித்தார் கெங்கிச்சி. "பஸ் அடுத்த மாசம் நிக்குது. பஸ் இல்லாம எனக்கு நாலு வாரமே ஜாஸ்தி."

"வாயைக் கழுவுங்க!" என்று சீறினாள் சிசுகோ. ஆனாலும் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.