புல்லியில் ஒரு துளை

அம்சம் சாக்குத் துணியைப் பெல்ட் ஓடும் புல்லியைச் சுற்றிப் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். மிஷினின் உச்சியிலிருந்த போல்ட்டில் ஸ்பானரை மாட்டிப் பக்கிரி தம் பிடித்து இழுத்தான். புல்லி வழுக்கிச் சுற்றியது. அவள் மணிக்கட்டும் கூடவே திரும்பியது.

"விட்டுடாத தங்கச்சி. ஒம் புருசனக்கூட இப்படிப் புடிச்சிருக்க மாட்ட."

"அது இப்படி முண்டாதுண்ணே."

ஏலத்தில் எடுத்த, இரும்பைச் சீவும் சின்ன மில்லிங் மிஷின் அது. கட்டரைக் கழற்ற உச்சி போல்ட்டைத் திருப்ப வேண்டும். திருப்பினால் கட்டர் மாட்டியிருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றிக்கொள்ளும். அதை நிறுத்திப் பிடிக்க மிஷினில் எந்த வழியும் இல்லை. தண்டின் தலையிலிருந்த புல்லியைப் பிடித்துக்கொள்ளத்தான் திருவிடைமருதூர் ரோட்டோரப் பட்டறையில் அம்சத்துக்கு வேலை. மற்ற நேரத்தில் இரும்புத் தூளைக் கூட்டுவாள், தண்ணீர் எடுத்து வைப்பாள்.

அதற்கு முன்னால் அவள் நடவில் கைகாரி. சர்க்கார் சொன்ன கூலியைக் கொடுத்தால்தான் வயலில் இறங்குவோம் என்று வரப்பில் நின்றவர்களில் அவளும் ஒருத்தி. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து நட்டுக்கொண்டார்கள். அடுத்த போகத்துக்கு மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். முன்னால் நின்று பேசியவள் என்று இவளை மட்டும் எந்த வயலுக்கும் கூப்பிடவில்லை.

குறுவைக்குப் பம்புசெட்டு வேலை குவிந்து கிடந்தது. கட்டரை மாற்றி மாற்றி அன்று அவள் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பக்கிரிக்கு மனசு கேட்கவில்லை. புல்லிக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தான், நசுங்கிப்போயிற்று. கயிற்றைக் கட்டிப் பார்த்தான், அறுந்தது.

வீங்கிய கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அம்சம்தான் சொன்னாள்.

"மதகுல பலகையத் தூக்குனா எப்படிண்ணே விழாம நிக்குது? கம்பி ஓட்டையில ஒரு முளையச் சொருகிடுறாங்கல்ல. இதுல ஓட்ட போட முடியாதா?"

பக்கிரி புல்லியைச் சுற்றித் தடவிப் பார்த்தான். பிறகு புல்லியிலும் அதன் கீழே மிஷின் உடம்பிலும் ஒரே நேராகத் துளை போட்டான். பழைய இன்ஜின் வால்வு ஒன்றின் காம்பை அராவி உள்ளே விட்டான். அதன் குடைத் தலை மேலே நின்றுகொண்டது. ஸ்பானரை இழுத்தான். புல்லி அசையவில்லை, போல்ட் கழன்றது.

முதலாளி துரைராசு சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவளே போய்க் கூப்பிட்டாள். யாரும் பிடிக்காமலே பக்கிரி கட்டரைக் கழற்றி மாட்டுவதைப் பார்க்கச் சொன்னாள். யாருடைய யோசனை என்று அவர் கேட்டார். பக்கிரி அவள் பக்கம் கை காட்டினான். துரைராசுக்கு மெய்யாகவே சந்தோஷம். அவளுக்கும் சேர்த்து டீ வாங்கிவரச் சொன்னார்.

டீ குடித்து முடித்ததும் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார்.

"இனிமே ஒனக்குக் கைவலி இல்ல அம்சம். சனிக்கெழமையோட நின்னுக்க."

"கூட்டுறது, தண்ணி எடுக்குறதெல்லாம் இருக்குங்களே."

"அதுக்குத் தனியா ஒரு ஆளா? பக்கிரி பாத்துக்குவான்."

பக்கிரி வாயைத் திறந்தான். முதலாளி திரும்பிப் பார்த்ததும் ஸ்பானரை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டான்.

முளையை எடுக்க மறந்து மிஷினை ஓட்டினால் பெல்ட் தெறித்துவிடும் என்றார் துரைராசு. தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி அதில் சிவப்பாக ஏதாவது கட்ட வேண்டும்.

"நீயே கட்டிடு அம்சம். அவன் கட்டுனா அவுந்துரும்."

பட்டறையில் எண்ணெய்க் கந்தல்தான் கிடந்தது. அம்சம் தன் சேலையின் சிவப்புக் கரையைப் பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்தாள். வால்வின் கழுத்தில் சுற்றினாள். வீங்கிய கைக்கு முடிச்சுப் போட வரவில்லை. ஒரு முனையைப் பல்லில் கவ்விக்கொண்டு மறு முனையை நல்ல கையால் இறுக்கினாள். அவிழ்கிறதா என்று ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள்.