வளர்பிறைக் கன்றுகள்

எமிலியானுஸ் தக்காளிக் கன்றுத் தட்டுகளை இரண்டு இரண்டாக அடுக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிரீன்ஹவுசுக்கு வெளியே வந்தான். காலை ஏழு மணியிலிருந்து இதே வேலை. முந்நூறு தட்டுகளை வேலியோரம் இறக்கியாயிற்று, இன்னும் நூறு உள்ளே கிடந்தது. மே மாதம் பதினான்காம் திகதி. பத்துப் பாகை வெப்பம் வந்தாலே மொன்றியால்காரர் அரைக்காற்சட்டையோடு தெருவுக்கு வந்துவிடுவார்கள். அன்று இருபத்திரண்டு. லாசால் பகுதித் தெருக்கள் முழுக்க வெறுங்கால்களாகத் தெரிந்தன.

பூச்சாடிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த அல்போன்சம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த நாற்றுப் பண்ணையில் அவருக்கு இது பதினோராவது வசந்தம்.

"தம்பி, இப்ப வெளியில வைக்கிற காலமில்லை. இஞ்சத்தைக் கிழடுகள் மே பதினொண்டு, பன்னிரண்டு, பதின்மூண்டைப் பனிப் புனிதர்மாரின்ர நாள் எண்டு சொல்லுங்கள். அது நேற்றோட முடிஞ்சுது, சரி. ஆனா பறுவமும் கழியவேணும். நிலா முழுசா வாற நாட்களிலதான் வானம் வெளிச்சு, விடியக் கன்றெல்லாம் உறையிறது. பறுவத்துக்கு இன்னும் மூண்டு நாள் கிடக்கு."

"முதலாளி சொல்லிப்போட்டார் அக்கா. மத்தியானம் பூக்கன்று லொறி வருதாம். உள்ளுக்கு இடம் வேணுமாம்."

"நீதானே அவருக்கு வளர்பிறைக் கதை சொன்னனி?"

எமிலியானுஸ் அடுத்த தட்டை எடுக்கப் போனான். போன கிழமை சாப்பாட்டு நேரத்தில்தான் அந்தக் கதை வந்தது. தன் ஊரான இளவாலையில் மிளகாயும் தக்காளியும் வளர்பிறையில்தான் நடுவார்கள், நிலாவோடு கன்றும் வளரும் என்று, தெரிந்த பத்து இங்கிலீஸ் சொல்லையும் கைகளையும் வைத்து முதலாளிக்கு விளக்கியிருந்தான். முதலாளி சிரித்து அவன் தோளில் தட்டினார். வந்து எட்டு மாதத்தில் அவர் அவனைத் தொட்டது அன்றுதான், அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இன்று காலை, அல்போன்சம்மாவும் பக்கத்தில் நிற்க, அதே கையால் வேலியோரத்தைக் காட்டி, "உன்னுடைய நிலா வளருதுதானே, எல்லாவற்றையும் வெளியே வை," என்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு அல்போன்சம்மா கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"விடிய மைனஸ் ரெண்டாம்."

அவன் தன் கைபேசியை எடுத்தான். முதலாளிக்கு ஏழு தரம் அழைத்தான். ஏழு தரமும் அவருடைய பதிவுக் குரல்தான் கிடைத்தது. கிரீன்ஹவுசுக்குள் கால் வைக்க இடமில்லாமல் பூக்கன்றுகள் நிறைந்திருந்தன. இருவரும் பழைய பிளாஸ்டிக் விரிப்பு, மட்டைப் பெட்டி, வெறும் மண்பை என்று அகப்பட்டதையெல்லாம் கன்றுகளின் மேல் போட்டார்கள். பாதித் தட்டுகளை மூடியதோடு அதுவெல்லாம் முடிந்துவிட்டது. எமிலியானுஸ் தன் ஜக்கெட்டையும் கழற்றி ஒரு தட்டின் மேல் விரித்தான். காற்று நின்றுபோயிருந்தது, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

அவனுக்குக் கன்றுகளைப் பற்றி மட்டும் பயமில்லை. அவனது வேலை அனுமதியில் இந்தப் பண்ணையின் பெயர்தான் இருந்தது. இங்கே வேலை போனால் வேறு எங்கும் கை வைக்க முடியாது. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிடும் கதையும் அத்தோடு சரி.

விடிந்தபோது மூடாத கன்றுகளின் இலைகள் விறைத்து நின்றன. எழும்பி நிற்கின்றனவே என்று ஒரு கணம் ஆறுதலாகவும் இருந்தது. வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகக் கறுத்து, அவித்த கீரை மாதிரிச் சோர்ந்து விழுந்தன.

முதலாளி எட்டு மணிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் எமிலியானுசை இன்னும் பயப்படுத்தியது. வரிசை வரிசையாகப் படம் எடுத்தார், உள்ளே போனார், ஒரு கடுதாசியோடு திரும்பி வந்தார். அல்போன்சம்மா வாங்கி, உதடு அசைய இரண்டு தரம் வாசித்தார்.

"என்ன எழுதிக்கிடக்கு அக்கா?"

"ஒருத்தரையும் கேளாமல், உன்ர ஊர் வழக்கப்படி நீயே கன்றுகளை வெளியில வைச்சனி எண்டு கிடக்கு. இன்சூரன்சுக்காம்."

"அவர்தானே வைக்கச் சொன்னவர்!"

அல்போன்சம்மா முதலாளியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். முதலாளி கைபேசியைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அல்போன்சம்மாவின் முகம் இறங்கிப்போனது.

"கையெழுத்து வைக்காட்டி வேலை இல்லையாம். பெர்மிட்காரருக்கு இண்டைக்கே அறிவிப்பாராம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வையாதை தம்பி. அவர் வைக்கச் சொன்னதை நானும் கேட்டனான்தானே. எங்கை வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்."

"சொல்லி முடியுமட்டும் நான் எங்கை அக்கா வேலை செய்யிறது?"

எமிலியானுஸ் பேனையை வாங்கினான். பெயரை எழுதிவிட்டுத் திகதி போடும் கோட்டுக்குப் பேனையைக் கொண்டுபோனான். முதலாளி அந்தக் கோட்டின் மேல் பெருவிரலை வைத்தார்.

"திகதி வேண்டாமாம்," என்றார் அல்போன்சம்மா.

ஏன் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை. கறுத்த கன்றுகளை மத்தியானம் வரை குப்பைத் தொட்டியில் கொட்டினான். வேலை போகவில்லை என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

பின்னேரம் ஆறரை மணிக்குக் கேற்றடியில் ஒரு லொறி வந்து நின்றது. உள்ளே இருநூறு தட்டுத் தக்காளிக் கன்றுகள், வேறு பண்ணையில் வாங்கியவை. எங்கே இறக்குவது என்று சாரதி கேட்க, முதலாளி வேலியோரத்தைக் காட்டினார்.

அல்போன்சம்மா கைபேசியை எடுத்துப் பார்த்தார். "இண்டைக்கும் விடிய மைனஸ்தானாம்," என்றுவிட்டு அதைப் பைக்குள் வைத்தார்.

எமிலியானுஸ் தட்டுகளை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போய், முந்திய தட்டுகள் இருந்த ஈரச் சதுரங்களின் மேலேயே வைத்தான். எதிர்க் கட்டடத்துக்கு மேலே, வெயில் போகுமுன்னரே நிலா வந்திருந்தது. ஒரு ஓரம்தான் குறை. முதலாளி கேற்றடியில் நின்று தட்டுகளை எண்ணினார். அவருடைய சட்டைப்பையில் திகதி போடாத அந்தக் கடுதாசி நான்காக மடித்தபடி இருந்தது.