குளோசப்பின் குரல்

குளோசப்பும் நானும் நான்கு வருடம் ஒரே அறையில் தங்கி நடிக்க வாய்ப்புத் தேடினோம். யாரிடம் பேசினாலும் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் வைப்பான். அதனால் அந்தப் பெயர். போன வருடம் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனான்.

பிறகு ஒரு நகைச்சுவைப் படத்துக்கு ஆள் எடுத்தார்கள். சினிமாவுக்காக அலைகிறவர்களை நிஜமாகவே பேட்டி காண்பதுபோல் எடுக்கிற படம். வசனம் கிடையாது, கேள்விக்கு நாமே பதில் சொல்ல வேண்டும்.

"இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்றார் இயக்குநர்.

 திடீரென்று என் உடம்பு தானாக முன்னால் சாய்ந்தது. கேமராவில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய், "ரெண்டு படம் பேச்சுல இருக்கு சார். மூணாவதை நான்தான் வேணாம்னுட்டேன்" என்றேன். குளோசப்பின் அதே மூக்கடைத்த குரல். லைட்மேன்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. தெருவில் நிறுத்தி அந்த வரியைச் சொல்லச் சொன்னார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அடுத்த படத்தின் இயக்குநர், "இதுல சொந்தக் குரல்லயே பேசுங்க" என்றார். அரை நாள் முயன்றேன். வரவில்லை.

ஒரு மத்தியானம் குளோசப்பின் அக்கா அறைக்கு வந்தாள். செத்தவனை வைத்துப் பிழைக்கிறாயா என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை.

"மூணு தடவை தியேட்டருக்குப் போனேன் தம்பி. படத்தைப் பாக்கல, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். ஒரே ஒரு தடவை அவன் மாதிரி என்னைக் கூப்பிடுறியா?"

"அக்கான்னு கூப்பிடணுமா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"ஏய் சுண்டெலி, அழுதியா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்தப் பேரை உன்கிட்ட சொல்லியிருந்தானா?"

சொன்னதே இல்லை. என்னிடம் பேசும்போதெல்லாம் 'அக்கா' என்றுதான் சொல்வான். "ஆமாக்கா" என்றேன்.

அவள் நம்பவில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். போகும்போது வாசலில் நின்று, "உடம்பைப் பாத்துக்கடா" என்றாள். அதுவரை என்னை அவள் 'டா' போட்டதில்லை.

அவள் படியிறங்கும்போதே என் அம்மா போன் செய்தாள். "ஹலோ" என்றேன்.

"யாருப்பா பேசறது? என் பையன் இல்லையா?"

நான்தாம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"குளிக்கிறான்மா. வந்ததும் பேசச் சொல்றேன்."